ஊசி மருந்தின் லேபிள்: நீங்கள் சரிபார்க்க வேண்டியவை

இன்சுலின் பேனாக்கள் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்தவை. உள்ளிருக்கும் திரவத்தைக் கொண்டு மருந்தை அறிய இயலாது. லேபிளே அதன் அடையாளம்.

லேபிள் தவறினால் என்ன நேரும்?
2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில், ‘ஓசெம்பிக்’ என்ற பெயரில் விற்கப்பட்ட போலி ஊசியைச் செலுத்திக்கொண்ட சிலர், இரத்தச் சர்க்கரை கடுமையாகக் குறைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதில் இன்சுலின் இருந்திருக்கக்கூடும் என்று அந்நாட்டு அதிகாரிகள் எச்சரித்தனர்.

தொழிற்சாலையில் எவ்வாறு தடுக்கப்படுகிறது?
இன்று ஒரே தானியங்கி இயந்திரம் பல மருந்துகளுக்குச் சிறு தொகுதிகளாக லேபிள் ஒட்டுகிறது. தொகுதி மாறும்போதெல்லாம் முந்தைய லேபிள் கலந்துவிடும் அபாயம் உண்டு. எனவே எஞ்சிய லேபிள்கள் முற்றிலும் அகற்றப்படுகின்றன. கேமரா ஒவ்வொரு லேபிளையும் சரிபார்க்கிறது. ஒட்டியவையும் மீந்தவையும் எண்ணி ஒப்பிடப்படுகின்றன. எனினும், ஆலையை விட்டு வெளியேறிய பின் நடக்கும் மோசடியை இயந்திரம் தடுக்காது.

கியூஆர் குறியீடு எதற்கு?
2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரிக்கப்படும் 300 முன்னணி வணிகப் பெயர் மருந்துகளில் பட்டைக் குறியீடு அல்லது கியூஆர் குறியீடு கட்டாயம். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி தேதி ஆகியவற்றை அதில் காணலாம். லேபிளில் இடம் போதாவிடில் அதை வெளிப்பெட்டியில் அச்சிட விதி அனுமதிக்கிறது. பேனாவில் இடம் குறைவு. ஆகவே மருந்து தீரும்வரை பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.

இன்சுலின் பயன்படுத்துவோர் கவனத்திற்கு
குத்துக்கல்வலசை, தென்காசி, குற்றாலம் பகுதிகளில் அரசு மருத்துவமனையில் ஒரு முறையும், மருந்துக்கடையில் மறுமுறையும் இன்சுலின் பெறுவோர் அதன் செறிவைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாவில் பெரும்பாலும் 100 யூனிட். 100 யூனிட் பேனா மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலில் சேரும். அது உயிருக்கு ஆபத்து.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியவை
• மருந்தின் பெயர், செறிவு, காலாவதி தேதி ஆகியவற்றை மருந்துச் சீட்டுடன் ஒப்பிடுங்கள்.
• பெட்டியிலும் பேனாவிலும் உள்ள தொகுதி எண் ஒன்றா எனப் பாருங்கள்.
• லேபிள் கிழிந்தோ, இரட்டையாக ஒட்டப்பட்டோ, எழுத்து அழிந்தோ இருந்தால் பயன்படுத்தாமல் மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.
• ரசீது பெற்றுப் பாதுகாத்திடுங்கள்.

ஊசி செலுத்திய பின் வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால், விழுங்க முடிந்தவருக்கு உடனே சர்க்கரை நீர் கொடுங்கள். மயக்கமோ வலிப்போ இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐத் தொடர்புகொள்ளலாம்.