பம்பு இருக்கிறது, மின்சாரம் போய்ச் சேருமா?

அடுக்குமாடிக் கட்டடங்களில் தீ விபத்து நேரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன: தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றிதழ் இருந்ததா? தீயணைப்புச் சாதனங்கள் இருந்தனவா? இரண்டுக்கும் 'ஆம்' என்றே பதில் வந்தாலும், தீப்பிடித்த தளத்தின் குழாயில் தண்ணீர் வராமல் போகலாம். நிலத்தடித் தொட்டி நிறைய நீர் இருந்து, பம்பும் நல்ல நிலையில் இருந்து, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிள் தீயின் தொடக்கத்திலேயே உருகிவிட்டால், மேல்தளத்தில் வால்வைத் திறப்பவருக்குக் காற்றுதான் கிடைக்கும்.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 38 மாடிகள் கொண்ட 'ஒன் மெரிடியன் பிளாசா' கட்டடத்தின் 22-ஆவது தளத்தில் 1991 பிப்ரவரி 23 அன்று தீப்பிடித்தது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமாகவே பற்றிக்கொண்டதுதான் காரணம். அந்தக் கட்டடத்துக்கு முதன்மை மின்பாதையும் இருந்தது, மாற்று மின்பாதையும் இருந்தது. ஆனால், இரண்டும் போதிய தீக்காப்பு இல்லாத ஒரே டக்ட் வழியாக மேலேறின. தீ அங்கே நுழைந்ததும் இரண்டும் ஒருசேரச் செயலிழந்தன. அவசரகால ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. லிஃப்டுகள் நின்றுபோயின. தீயணைப்பு வீரர்கள் கருவிகளைச் சுமந்துகொண்டு இருளில் படியேறினர். குழாய்களில் அழுத்தம் குறைந்ததற்கு, வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம். வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். சுமார் 19 மணி நேரம் எரிந்த தீயை 30-ஆவது தளத்தில் தடுத்து நிறுத்தியவை 10 தானியங்கித் தெளிப்பான்கள்; அவற்றுக்கு நீரைச் செலுத்தியவை கீழே நின்ற தீயணைப்பு வண்டிகள்.

அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பின் 695-ஆவது பிரிவு தீயணைப்புப் பம்புகளுக்கென்றே எழுதப்பட்டது. அதன் அணுகுமுறை முதல் பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றும். வழக்கமான மின்சுற்றில் மிகையான மின்னோட்டம் பாய்ந்தால் பிரேக்கர் இணைப்பைத் துண்டித்து, கம்பியையும் மோட்டாரையும் காப்பாற்றும். தீயணைப்புப் பம்பிலோ, மோட்டார் சுழல முடியாமல் திணறும்போது இழுக்கும் மின்னோட்டத்தையும் மின்வழிப் பாதுகாப்புச் சாதனம் தாங்கி நிற்க வேண்டும். மோட்டார் எரிந்துபோனாலும் போகட்டும், கடைசி நொடிவரை தண்ணீர் ஏறட்டும் என்பதே அதன் உள்ளக்கிடக்கை. எனவேதான் கேபிளை இயன்றவரை கட்டடத்துக்கு வெளியே கொண்டுவரச் சொல்கிறது. உள்ளே வந்துதான் ஆக வேண்டுமென்றால், 50 மி.மீ. கான்கிரீட்டுக்குள் புதைக்க வேண்டும், அல்லது 2 மணி நேரம் தீயைத் தாங்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. தீயணைப்புப் பம்பு, லிஃப்ட், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கு முதன்மை மின்பலகையிலிருந்தே தனித்தனி மின்சுற்று வேண்டும் என்றும், ஒன்றில் பற்றும் தீ மற்றொன்றைப் பாதிக்காதவாறு அவற்றைத் தனித்தனிக் குழாய்களில் அமைக்க வேண்டும் என்றும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. ஆனால், அது பரிந்துரைதான். மாநிலங்கள் தம் விதிகளில் சேர்த்துக்கொண்டால் மட்டுமே கட்டாயமாகும். நடைமுறையில் பல கட்டடங்களின் அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் சென்று தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். மின்வாரிய இணைப்பின் கேபிள், ஜெனரேட்டர் கேபிள், பம்பு கேபிள் யாவும் ஒரே கேபிள் டிரேயில் கார்களுக்கு மேலாகச் செல்வதைக் காணலாம். அந்தக் கார்களில் ஒன்று எரிந்தால் என்ன ஆகும் என்பதை மெரிடியன் பிளாசா காட்டிவிட்டது.

'எஃப்.ஆர்.எல்.எஸ். கேபிள்தானே போட்டிருக்கிறோம்' என்ற பதில் அடிக்கடி வரும். பெயர் ஏற்படுத்தும் மயக்கம் இது. அந்த வகைக் கேபிள் தீயைப் பரவவிடாது, புகையைக் குறைவாக வெளியிடும். தீக்குள் சிக்கியபடியே மின்சாரத்தைக் கடத்தும் என்று அது உறுதியளிப்பதில்லை. அதற்கென மைக்கா நாடா சுற்றிய கேபிள்களும், தாதுப்பொருள் காப்பிட்ட செப்புக் கேபிள்களும் தனியாக உள்ளன. பிரிட்டனின் பி.எஸ். 6387 தரநிலையின் உச்ச வகை, 950 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 3 மணி நேரம் மின்சாரம் தடைபடாமல் செல்வதைச் சோதிக்கிறது. அந்த வெப்பத்தில் செம்பின் மின்தடை ஏறத்தாழ நாலரை மடங்காகும். கேபிள் பிழைத்திருந்தாலும் அதன் குறுக்களவு போதாவிட்டால், பம்பைத் தொடங்கும் அளவுக்கு மின்னழுத்தம் போய்ச் சேராது. நல்ல கேபிள் வாங்கியதோடு பொறுப்பு முடிவதுமில்லை. அமெரிக்காவின் யு.எல். நிறுவனம் இத்தகைய கேபிள்களுக்கு அளித்துவந்த சான்றை 2012-இல் நிறுத்திவைத்தது; குழாயின் உட்புறத் துத்தநாகப் பூச்சு கடும் வெப்பத்தில் செம்பைப் பாதிப்பது அப்போது பேசுபொருளானது. கேபிள், குழாய், பிடிமானம் மூன்றையும் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்ற நிலை அதன் பின்னர் வலுப்பெற்றது.

டீசல் பம்பு இருக்கும் கட்டடங்களில் கவலை குறைவு என்பது உண்மையே. ஆனால், டீசல் பம்புக்குப் பதில் ஜெனரேட்டரையே மாற்றாக நம்பியிருக்கும் கட்டடத்தில், அந்த ஜெனரேட்டரின் கேபிள் எந்த வழியாக வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாதந்தோறும் பம்பை ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவது அவசியமான வழக்கம். அது மோட்டாரைத்தான் சோதிக்கிறது. எரியும் தளத்தைக் கேபிள் எப்படிக் கடக்கும் என்பதை எந்த மாதச் சோதனையும் சொல்லாது.

ஆகவே, தடையின்மைச் சான்றிதழுக்கான விண்ணப்பத்திலேயே மின்பலகையிலிருந்து பம்பு வரையிலான கேபிள் வழித்தட வரைபடத்தைக் கட்டாயமாக்க வேண்டும். புதுப்பிக்கும்போது ஆய்வு அலுவலர் பம்பு அறையோடு நின்றுவிடாமல் அந்த வழித்தடத்தை நடந்து பார்க்க வேண்டும். புதிய கட்டடங்களில் முதன்மை மின்பலகை அறையையும் பம்பு அறையையும் வரைபட நிலையிலேயே அருகருகே, வெளிச்சுவரை ஒட்டி அமைத்துவிட்டால், பாதுகாக்க வேண்டிய கேபிளின் நீளமே சில மீட்டர்களாகச் சுருங்கிவிடும். கூடுதல் செலவும் அந்த அளவுக்கே. ஏற்கெனவே குடியேறிவிட்ட கட்டடங்களில் ஜெனரேட்டர் கேபிளை வேறு சுவர் வழியாகத் திருப்புவதும், பம்பு கேபிளைத் தீத்தாங்கும் பலகைகளால் பெட்டிபோல் மூடுவதும் பெரிய இடிப்பு வேலையின்றியே செய்யக்கூடியவை. பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன், தங்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தக் கேபிள் எங்கெங்கே செல்கிறது என்று ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லலாம்.