பெயரை நீக்கிவிட்டால் சாதி நீங்கிவிடுமா?

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன் பெயர், துறை, பல்கலைக்கழகம், நன்றியுரை எல்லாவற்றையும் நீக்கச் சொல்கிறார்கள். எழுதியவர் யாரென்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாது. மதிப்பாய்வாளர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. இதற்கு 'இரட்டை மறைப்பு' என்று பெயர். கல்விப்புலத்தில் சாதி இல்லை என்று சாதிப்பவர்கள் முதலில் காட்டும் சான்று இதுதான். பெயரே தெரியாதபோது சாதி எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள்.

பெயரை நீக்குவது கடைசி நாளில். அதற்கு முன்பே சாதி தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. எந்தக் கட்டுரையும் ஒருவர் மட்டுமே உட்கார்ந்து எழுதியதல்ல. முதல் வரைவைப் படித்து, "உன் வாதம் நான்காம் பக்கத்தில்தான் தொடங்குகிறது" என்று சொல்ல ஆள் வேண்டும். எந்த இதழ் எந்த நடையை எதிர்பார்க்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். ஆங்கிலத்தைத் திருத்த ஆள் வேண்டும். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவருக்கு நெறியாளர்தான் ஒரே கதி. அவர் வரைவைப் படிக்காமல் மாதக்கணக்கில் வைத்திருந்தால் கேட்பாரில்லை. காசு கொடுத்துத் திருத்தலாம் என்றால், உதவித்தொகையே எப்போது வரும் என்று தெரியாது.

இது வெறும் மனக்குறை அல்ல, வேலைவாய்ப்புப் பிரச்சினை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் 100க்கு 10 மதிப்பெண் ஆய்வுக் கட்டுரைகளுக்கு. கட்டுரை ஒன்றுக்கு 2. வெளிவராத கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது.

சரி, கட்டுரை எப்படியோ போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு பெயர் இல்லாவிட்டாலும் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்ட ஒரு சேரியைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு ஓர் ஆய்விதழிலிருந்து மதிப்பாய்வு வந்தது. 'தீண்டாமை' என்று வரும் இடங்களில் 'சமூக விலக்கம்' என்று மாற்றச் சொன்னார்கள். கட்டுரையாளர் களத்துக்கு மிக நெருக்கமானவராகத் தெரிகிறார், நடுநிலை குறைவு என்றும் குறிப்பு இருந்தது. நான் கொடுத்த வரைபடத்திலோ சாட்சியங்களிலோ ஒரு பிழையும் சுட்டப்படவில்லை.

நெருக்கம் குற்றமா? இந்தியச் சமூகவியலின் பெரும்புள்ளி எம்.என். சீனிவாஸ் ஓர் ஐயங்கார். பிறந்து வளர்ந்த மைசூர்ப் பகுதியிலேயே ராம்புரா கிராமத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் அவருடைய குறிப்புகள் எரிந்தன. பெரிதும் நினைவிலிருந்தே எழுதினார். 1976இல் நூல் வந்தது. இன்றும் அது செவ்வியல் நூலாகப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதன் தகுதியை நான் இங்கே கேள்வி கேட்கவில்லை. அவருக்கு நெருக்கமும் நினைவும் ஆய்வுமுறையாகின்றன, நமக்கு மட்டும் அவை சார்பாகின்றன என்பதுதான் என் கேள்வி.

சமூக அறிவியலில் கோட்பாடு ஆதிக்க சாதியினருக்கும் தரவு சேகரிப்பு ஒடுக்கப்பட்டோருக்கும் என்று பிரிந்து கிடப்பதை கோபால் குரு 2002இலேயே எழுதிவிட்டார். ஆனால் அதற்கு 86 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பிரிவினையை உடைத்தவர் ஒருவர் உண்டு. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் படித்த கட்டுரை, சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்று நிறுவியது. அடுத்த ஆண்டு 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் வெளியானது. அவர் தன்னைத் தரவாகக் கொடுக்கவில்லை, கோட்பாட்டைக் கொடுத்தார்.

அவருடைய ரூபாய்ச் சிக்கல் ஆய்வேடும் திருத்தி எழுதச் சொல்லித் திரும்பி வந்ததுதான். 1923இல் அது நூலானபோது முன்னுரை எழுதிய எட்வின் கேனன், தனக்கு எங்கெல்லாம் உடன்பாடில்லை என்பதை அந்த முன்னுரையிலேயே பெயர் போட்டு எழுதினார். மாற்றுக்கருத்து அப்படித்தான் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். முகம் காட்டாமல் சொல்லை வெட்டச் சொல்வது மாற்றுக்கருத்தில் சேராது.

மேற்கோள் விஷயத்திலும் இதே கதைதான். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக வெளிவர 1999 ஆனது. அத்தனை காலமும் அவரை மேற்கோள் காட்டாமலேயே தமிழ்ச் சமூக வரலாறு எழுதப்பட்டது, அது 'முழுமை' என்றும் ஏற்கப்பட்டது. இன்று நாம் துண்டறிக்கையையும் இயக்க இதழையும் சான்றாகக் காட்டினால், ஆய்வுத்தரமுள்ள ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள்.

'அப்படியானால் தரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா?' என்ற கேள்வி உடனே வரும். இல்லை. தரத்தை எல்லோருக்கும் பொதுவாக்கச் சொல்கிறோம். சேரிக்காரனிடம் கேட்கும் நடுநிலையை அக்கிரகாரத்துக்காரரிடமும் ஊர்த்தெருக்காரரிடமும் கேளுங்கள். சேரியைப் பற்றி எழுதும் ஆதிக்க சாதி ஆய்வாளர் யார் வீட்டில் தங்கினார், யார் கையால் தண்ணீர் குடித்தார் என்று எழுதட்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்விதழ்கள் தங்கள் ஆசிரியர் குழுவின், மதிப்பாய்வாளர்களின் சமூகப் பின்னணியைத் தொகையாகவாவது வெளியிடட்டும். மதிப்பாய்வுக் குறிப்புகளைக் கட்டுரையோடு சேர்த்து அச்சிடட்டும். பல்கலைக்கழகங்கள் வரைவுகளைப் படித்துத் திருத்த ஊதியம் பெறும் ஆட்களை நியமிக்கட்டும். முதல் தலைமுறை ஆய்வாளரின் எதிர்காலம் நெறியாளரின் தயவில் தொங்கக் கூடாது.

சக ஆய்வாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வரைவுகளை நமக்குள் படிப்போம், தயவு தாட்சண்யமின்றித் திருத்துவோம். தரவில் பிழை சொன்னால் திருத்துவோம், வாதத்தில் ஓட்டை சொன்னால் அடைப்போம். ஆனால் 'தீண்டாமை'யை எடுக்கச் சொன்னால் எடுக்கக் கூடாது. அது அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இருக்கும் சொல். அந்தப் பிரிவு எதை ஒழித்ததோ, அதே பெயரில்தான் அது இன்னும் நம் ஊரில் நடக்கிறது என்று மறுமொழிக் கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.