பாடுபவர் பெயர் எங்கே?

அண்ணா நகர், வேளச்சேரி, ஓ.எம்.ஆர். என்று சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் வியாழக்கிழமை வாக்கில் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டுவிடுகிறது. ‘இந்த வாரம் லைவ் மியூசிக்!’ வெள்ளி அன்பிளக்டு நைட், சனி ராஜா நைட், ஞாயிறு ரஹ்மான் நைட். மேலே பளபளவென்று தந்தூரி சிக்கன். கீழே பஃபே ஆளுக்கு இவ்வளவு, குழந்தைகளுக்குப் பாதி, வரி தனி, வேலட் பார்க்கிங் உண்டு, டேபிள் பிடிக்க இந்த எண். ஓரத்தில் கிட்டாரும் கையுமாக ஒரு கறுப்பு நிழலுருவம், நெட்டில் எங்கோ இறக்கிய படம். யார் பாடப்போகிறார் என்பது மட்டும் எங்கேயும் கிடையாது.

போன் போட்டுக் கேட்டுப் பார்த்தேன்.

“சனிக்கிழமை யாருப்பா பாடறாங்க?”

“பேண்டு சார்.”

“எந்த பேண்டு?”

“நல்லா பாடுவாங்க சார். எத்தனை பேர் வர்றீங்க? டேபிள் போட்டு வெச்சிடவா?”

அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்கிற ஆளும் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். எனக்கு எரிச்சல் அறிவிப்பைத் தயார் செய்தவர்மேல்தான். காளான் மிளகு வறுவல் புதிதாக வந்திருப்பதைச் சொல்ல அதில் இடம் இருந்தது. மூன்று மணி நேரம் நின்றுகொண்டு பாடப்போகிற பெண்ணின் பெயருக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

ராஜா நைட் என்று போடுகிறார்களே, அன்றைக்கு இளையராஜாவா வரப்போகிறார்? ரஹ்மான் நைட்டுக்கு ரஹ்மான் வரப்போகிறாரா? இசையமைத்தவர் பெயரைச் சொல்லி டேபிளை நிரப்புகிறார்கள். அந்த இசையை அன்று இரவு உயிரோடு கொண்டுவந்து வைப்பவர் வேறொருவர். குரோம்பேட்டையிலிருந்தோ ஆவடியிலிருந்தோ பைக்கில், முதுகில் கீபோர்டைக் கட்டிக்கொண்டு வருகிறவர். அவருக்குப் பெயர் கிடையாதா?

இதில் பெரிய ஓட்டல், சின்ன ஓட்டல் வித்தியாசமே இல்லை என்பதுதான் ஆதங்கத்தைக் கூட்டுகிறது. வசதி குறைந்த கிராமத்துக் கோயில் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். ரோஸ் தாளில் மை அப்பிய அச்சாக இருக்கும். ஆனாலும் இரவு 9 மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி என்று போட்டு, குழுவின் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்திருப்பார்கள். நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார், கரகாட்டம் இன்ன ஊர்க் குழுவினர், ஒலி ஒளி அமைப்பு இன்னார் என்று பந்தல்காரர் வரைக்கும் பெயர் வந்துவிடும். டிசம்பர் சீசனில் சபா நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். மாலை 4 மணிக் கச்சேரியில் பாடும் சின்னப் பெண்ணுக்கும் பெயர் உண்டு, வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் பெயர் உண்டு. ஏன், சபா கேண்டீனில் அடை அவியல் போட்டவர்களின் பெயரையே ஊர் நினைவு வைத்திருக்கிறது. மவுண்ட்பேட்டன் மணி ஐயர், அறுசுவை நடராஜன், ஞானாம்பிகா என்று இன்றைக்கும் சொல்கிறோம். சமைத்தவரையும் பாடியவரையும் பெயர் சொல்லிக் கொண்டாடிய ஊரில், சாப்பாடும் பாட்டும் ஒரே கூரைக்கு அடியில் வந்த இடத்தில் பாடுகிறவர் பெயர் தொலைந்துபோனது எப்படி?

என் சித்தி மகன் கீபோர்ட் வாசிக்கிறான். வார நாட்களில் இரண்டு வீடுகளில் டியூஷன், வார இறுதியில் இப்படி ஓட்டல் கச்சேரி. அதனால் உள்ளே நடப்பது எனக்குத் தெரியும்.

எட்டு மணி நிகழ்ச்சிக்கு ஆறு மணிக்கே வரச்சொல்வார்கள். போனால் மேடை இருக்காது. ஹாட் பாக்ஸ் அடுக்கி வைத்திருந்த மூலையைக் காலி செய்து தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். பிளக் பாயின்ட் ஒன்றுதான் இருக்கும், அதில் ஏற்கெனவே ஐஸ்கிரீம் ஃப்ரீசரைச் செருகியிருப்பார்கள். ஸ்பீக்கர் ஓட்டலுடையது என்று பேசியிருப்பார்கள். அது கூரையில் பதித்த, பின்னணி இசைக்கான சின்ன ஸ்பீக்கராக இருக்கும். அதில் கீபோர்டையும் இரண்டு மைக்கையும் கொடுத்தால் கொரகொரவென்று கத்தும். “உங்க பாட்டு சரியில்லையே தம்பி” என்பார் மேனேஜர்.

ஆள் கூட்டினால் செலவு என்று டிரம்ஸ், புல்லாங்குழல், பேஸ் கிட்டார் எல்லாவற்றையும் ஓட்டல்காரர்கள் எப்போதோ வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது ஒரு கீபோர்ட், ஒரு கிட்டார், கஹோன் பெட்டி தட்ட ஒருவர், பாட இருவர். இந்த நான்கைந்து பேர்தான் ராஜாவின் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை மேடைக்குக் கொண்டுவர வேண்டும். இடைஇசையில் வயலின் கூட்டம் மொத்தமும் இடது கையில், புல்லாங்குழல் வலது கையில். ஆண் பாடகருக்கு ஒன்றரைக் கட்டை, பெண் பாடகிக்கு ஐந்து கட்டை. டூயட் என்றால் யாராவது ஒருவர் தொண்டையைச் சிரமப்படுத்தியே ஆக வேண்டும், அல்லது பாதிப் பாட்டில் சுருதியை மாற்றிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் கரையேற வேண்டும். இதற்கெல்லாம் வீட்டில் வாரம் முழுக்கப் பயிற்சி செய்கிறார்கள். அந்த நாலைந்து பேருக்கும் செலவு செய்ய முடியாதென்று சில இடங்களில் மைனஸ் டிராக்கைப் போட்டுப் பாடச் சொல்கிறார்கள். லேப்டாப் வாசிக்கும், பாடகர் மட்டும் நிற்பார். வாசலில் அப்போதும் லைவ் மியூசிக் என்றுதான் எழுதியிருக்கிறது.

பாட்டு ஆரம்பித்த பிறகு கேட்கவே வேண்டாம். ‘இளைய நிலா’ தொடக்கத்தில் கிட்டார் வரும் இடம் யாருக்குத்தான் பிடிக்காது? 1982-இல் வந்த பாட்டு, இன்றைக்கும் முதல் சில விநாடிகளிலேயே சொல்லிவிடலாம். சித்தி மகனின் நண்பன் அதை விரல் நுனியில் வைத்திருக்கிறான். அவன் அதை எடுத்த நேரம், நான் உட்கார்ந்திருந்த ஓட்டலில் ஜூஸ் கவுன்டரில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. அது நின்றதும் பல்லவி வந்தது, பாதிப் பல்லவியில் விளக்கு அணைந்தது. பதினோராம் டேபிளில் பிறந்தநாளாம். சர்வர்கள் ஆறு பேர் தட்டைத் தட்டிக்கொண்டு, கேக்கில் மத்தாப்பு கொளுத்தி, கூரை ஸ்பீக்கரில் ஹேப்பி பர்த்டே பாட்டைப் போட்டுவிட்டார்கள். மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே வாயை மூடி மைக்கைத் தாழ்த்திக்கொண்டார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு கையைக் காட்டி நிறுத்தச் சொல்லவுமில்லை. கேக் வெட்டி முடிந்ததும், “ம், கன்டினியூ பண்ணுங்க” என்று மேனேஜர் விரலை ஆட்டினார். எந்த இடத்திலிருந்து தொடர்வது? அந்தப் பாட்டு அன்று முடியவேயில்லை. அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த மேடையிலிருந்து இரண்டு டேபிள் தள்ளி டிவியில் ஐ.பி.எல். ஓடிக்கொண்டிருந்தது. சிக்ஸர் விழும்போதெல்லாம் கைதட்டல். பாடகி ஒரு சரணத்தை அருமையாக முடித்தார், தற்செயலாக அதே நேரம் கைதட்டல் எழுந்தது. அவர் புன்னகைத்துத் தலைகுனிந்தார். பிறகு டிவி பக்கம் திரும்பிய முகங்களைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சாப்பிட வந்த நாமும் ஒழுங்கில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மெலடி போய்க்கொண்டிருக்கும்போதே மேடைக்குப் போய், “பிரதர், குத்துப் பாட்டு ஒண்ணு போடுங்க” என்று தோளைத் தட்டுகிறோம். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த பாட்டு வருவதற்குள் எழுந்து போய்விடுகிறோம். பாடி முடித்ததும் நாலு பேர் கைதட்டினால் என்ன? வாயில் சோறு இருக்கிறது, கையில் எண்ணெய் இருக்கிறது, சரி. பில் கொடுத்துவிட்டுப் போகும்போது மேடைப் பக்கம் திரும்பி, நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லலாம் அல்லவா?

காசு விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வரும் குழுவிடம் ஓட்டல்காரர்கள் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. “முதல் ரெண்டு வாரம் சும்மா வந்து பாடுங்க தம்பி. நாலு பேர் பாப்பாங்க, கல்யாண ஆர்டர் வரும், பேர் கிடைக்கும்.” எந்தப் பேர்? அறிவிப்பில் போடாத பேரா? மேடைக்குப் பின்னால் ஒரு பேனர் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டால், இன்டீரியர் கெட்டுவிடும் என்கிறார்கள். பாட்டுக்கு நடுவே குழுவின் பெயரைச் சொன்னால், விளம்பரம் வேண்டாம் என்கிறார்கள். பேர் கிடைக்கும் என்று சொல்லிக் காசைக் குறைப்பதும், பேரையும் போடாமல் இருப்பதும் ஒரே ஆள்தான். பேசிய தொகையும் அன்றிரவே கைக்கு வருவதில்லை. அக்கவுன்ட்ஸ் ஆள் போய்விட்டார், திங்கட்கிழமை ஜிபே பண்ணிவிடுகிறோம் என்பார்கள். திங்கட்கிழமை போன் எடுக்க மாட்டார்கள். நடுவில் ஏஜென்ட் ஒருவர் இருந்தால் அவர் பங்கு முதலில் போய்விடும். சாப்பாடாவது? பஃபே கஸ்டமருக்கு, உங்களுக்கு ஸ்டாஃப் மீல்ஸ் என்று பத்தரை மணிக்குப் பின்கட்டில் சாம்பார் சாதம் தருகிறார்கள்.

ஓட்டல்காரர் ஒருவர் என்னிடம் லைசென்ஸ் கதை சொன்னார். இசை உரிமைத் தொகை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸுக்குக் கட்டணம் கட்டுகிறோம், இசைக்கு நாங்கள் செலவே செய்யவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். கட்டத்தான் வேண்டும். 1969-இலிருந்து இருக்கும் அமைப்பு அது. பொது இடத்தில் பாட்டைப் பாடினால் அதை இயற்றியவருக்கும் இசையமைத்தவருக்கும் பதிப்பாளருக்கும் சேர வேண்டிய தொகை அது. அவர்கள் உரிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று உங்கள் ஓட்டலில் நின்று பாடியவர் கைக்கு அதில் ஒரு பைசாவும் வராது. அந்த ரசீதைக் காட்டி இவருடைய பாக்கியை மறைக்க முடியாது.

சட்டம் இவர்களை மறந்துவிடவும் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தியபோது 38பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நிகழ்ச்சியைப் பயன்படுத்தும் முறையால் முடியாமல் போகும் இடம் தவிர, தன் நிகழ்ச்சியைத் தன்னுடையது என்று அடையாளம் சொல்லக் கேட்கும் உரிமை நிகழ்த்துகிற கலைஞருக்கு உண்டு என்கிறது அது. மேடையில் பாடுவதைப் பதிவு செய்யும் உரிமை அவருடையது என்கிறது 38ஏ. இங்கே என்ன நடக்கிறது? பாடுவதை மொபைலில் எடுத்து, மறுநாள் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸாகப் போட்டுவிடுகிறார்கள். பாடகியின் குரலுக்கு மேல் பிரியாணிச் சட்டியைத் திறக்கும் காட்சி. கீழே ஓட்டலின் பெயர், கிளையின் முகவரி, டேபிள் பிடிக்க எண். ‘யாருங்க பாடறது?’ என்று கேட்டு எழுதியவர்களுக்கு ஓட்டல் தரப்பிலிருந்து இதயப் படம் ஒன்று பதிலாக வருகிறது.

ஓட்டலில் பாடுவது சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்று ஒரு நைட் கிளப் இருந்தது. 1969-இல் அங்கே புடவை கட்டிக்கொண்டு ஓர் இளம்பெண் மேடையேறிப் பாடினார். பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ் உணவகத்துக்குப் போய்ப் பாடினார். அவர்தான் உஷா உதுப். 2024-இல் பத்ம பூஷண் வாங்கினார். டிரிங்காஸ் என்றால் இன்றைக்கும் அவர் பெயரைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அதே தெருவில் பாடிய பாம் கிரெய்ன், பியானோ வாசித்த லூயிஸ் பேங்க்ஸ் பெயர்களும் அந்தத் தெருவின் கதையோடு கலந்துவிட்டன. அவர்கள் பாடும்போதும் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், தட்டும் கரண்டியும் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பாடுவது யார் என்று தெரிந்துதான் போய் உட்கார்ந்தார்கள். நம் ஊர் ஓட்டல் ஒன்றில் இன்று பாடிக்கொண்டிருக்கும் பெண் நாளை எங்கே போகப்போகிறாள் என்று யாருக்குத் தெரியும்? அப்போது, எங்கள் ஓட்டலில்தான் முதலில் பாடினாள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளவாவது அவள் பெயரை எழுதி வைத்திருக்க வேண்டாமா?

கடைசி நேரத்தில் ஆள் மாறிவிடுகிறார்கள், அதனால் பெயர் போடுவதில்லை என்கிறார்கள். சபாவிலும் ஆள் மாறுகிறார்கள். வாசலில் சாக்பீஸால் மாற்றி எழுதுகிறார்கள். அறிவிப்பு இப்போது மொபைலில்தானே வருகிறது, ஒரு வரியை மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. ஆள் மாறுவதற்கே முக்கால்வாசி காரணம் பணம் சரியாகக் கொடுக்காததுதான். பெயரைப் போட்டு, பேசியதை அன்றிரவே கையில் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் கடைசி நேரத்தில் வராமல் போகிறார்கள் என்று பார்ப்போம்.

எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறோம் என்று போட்டால் எட்டுக்கு ஆரம்பிக்க விடுங்கள். கூட்டம் சேரட்டும் என்று ஒன்பது வரை உட்கார வைத்துவிட்டு, மொட்டை மாடி என்பதால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்று பாதியில் வெட்டாதீர்கள். அந்தப் பத்து மணி விதி 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, நேற்று வந்ததல்ல. பாட்டு முடியும் வரை கேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், நாலு நிமிஷத்தில் பிறந்தநாள் போய்விடாது. பஃபேயில் அவர்களுக்கும் ஒரு தட்டு வையுங்கள்.

இனிமேல் டேபிளுக்குப் போன் செய்யும்போதெல்லாம் யார் பாடுகிறார்கள் என்று கேட்கத்தான் போகிறேன். பெயர் சொன்னால் வருவேன். நீங்களும் கேளுங்கள். பத்து பேர் கேட்டால் அந்தப் பையன் மேனேஜரிடம் போய்க் கேட்பான், மேனேஜர் அந்தப் பெண்ணிடம் வந்து, “உன் பேர் என்னம்மா? எப்படி எழுதணும்?” என்று கேட்டாக வேண்டிவரும்.