பந்து யார் கையில் எவ்வளவு நேரம்?

கூடைப்பந்தாட்டத்தில் பந்தை நெடுநேரம் தன்வசம் வைத்திருப்பவனே சிறந்த ஆட்டக்காரன் என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. திடலோரத்தில் நிற்கும் பெற்றோரும், "கொடுக்காதே, நீயே போடு!" என்று குரல் கொடுத்து அவ்வெண்ணத்திற்கு நீர் வார்க்கின்றனர். நாம் இதனை ஏற்பதற்கில்லை.

1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இவ்விளையாட்டை வகுத்தபோது, பந்துடன் ஓடலாகாது, பிடித்த இடத்திலிருந்தே எறிதல் வேண்டும் என விதித்தார். தரையில் தட்டிக்கொண்டே முன்னேறும் முறை பின்னர்ப் புகுந்ததாகும்.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் குழுவின் கிளே தாம்சன், இந்தியானா பேசர்ஸ் குழுவிற்கு எதிராக 29 நிமிடங்களே ஆடி 60 புள்ளிகள் ஈட்டினார். அந்நேரத்தில் பந்து அவர் கைவசம் இருந்தது ஏறத்தாழ 90 விநாடிகள். அவர் அதைத் தரையில் தட்டியது 11 முறை. (நம் சிறுவர் சிலருக்கு 11 தட்டு ஒரே ஓட்டத்திற்குக்கூடப் போதாது!) பந்து கையில் இல்லாதபோது அவர் ஓயாது ஓடினார்; தம்மைத் தடுப்பவரை விலக்கி வெற்றிடம் தேடினார். பந்து வந்ததும் எய்தார். தடுப்பவர் நெருங்குமுன் பந்து புறப்பட்டுவிட்டது.

ஆயினும் அந்த 90 விநாடி அவருக்கு வாய்த்தது, ஸ்டீஃபன் கறி, டிரேமண்ட் கிரீன் போன்றோர் பந்தைக் கொணர்ந்து, காலமறிந்து அவரிடம் சேர்த்தமையால்தான். எனவே பந்தை வைத்திருப்போரும் குழுவிற்கு இன்றியமையாதவரே. அவர் பந்தைப் பார்த்துக்கொண்டு தட்டுகின்றாரா, தோழரைப் பார்த்துக்கொண்டு தட்டுகின்றாரா என்பதே வினா.

ஹூஸ்டன் ராக்கெட்ஸ் குழுவின் ஜேம்ஸ் ஹார்டன், 2018–19 பருவத்தில் பெரும்பாலும் தாமே பந்தைத் தட்டி ஆடி, ஆட்டத்திற்குச் சராசரி 36.1 புள்ளிகள் எடுத்தார். அரிய ஆற்றல்தான், ஐயமில்லை. எனினும் அவர் குழு அப்பருவத்தில் இரண்டாம் சுற்றிலேயே வாரியர்ஸிடம் தோற்றது. ஒரு தோல்விக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது முறையன்று. ஆனால் கணக்கு ஒன்று உண்டு. ஒரு குழு 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஒருவரே 15 விநாடி தட்டிக்கொண்டிருந்தால் ஏனைய நால்வருக்கும் எஞ்சுவது 9. அந்நால்வரும் நின்று வேடிக்கை பார்ப்பின், எதிரணியினருக்கு நன்றாக இளைப்பாறக் கிடைக்கும்.

பெரியோர் ஆட்டத்தில் இது வெற்றி தோல்வியோடு முடியும். பள்ளித் திடலிலோ, ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடாமலே வீடு திரும்பும் பிள்ளைகள் உளர். சில நாளில் அவர்கள் திடலுக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர்.

கூடைப்பந்திலிருந்து கிளைத்த வலைப்பந்தில் 3 விநாடிக்கு மேல் பந்தை வைத்திருத்தல் குற்றம். மாணவியர் அதற்கு எளிதில் பழகிவிடுகின்றனர். மாணவருக்கும் பயிற்சியின் முதற் பத்து நிமிடம் தட்டாமலே ஆடும்படி ஆசிரியர் பணிக்கலாம். வேலை முடிந்து மாலையில் திடலுக்கு வரும் பெற்றோரிடமும் நாம் வேண்டுவது ஒன்றுண்டு: கூடையில் இட்ட பிள்ளைக்குக் கை தட்டுங்கால், அவனிடம் பந்தைச் சேர்த்த பிள்ளையின் பெயரையும் உரக்கக் கூறுங்கள்.