லேப்டாப் ஒண்ணும் டிபன் பாக்ஸ் இல்லீங்க

ஆன்சைட் கிளம்புறவங்க நம்மகிட்ட கேக்குற முதல் சந்தேகம், "ஊறுகாய் எடுத்துட்டுப் போனா ஏர்போர்ட்ல பிடுங்கிடுவானா?" தான். லேப்டாப்பைத் திறக்கச் சொன்னா என்ன பண்றதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. ஊறுகாய் போனா வேற வாங்கிக்கலாம், பாஸ்.

எங்க சேக்காடு பக்கம் சோதனைங்கறது புதுசில்லை. சுத்துப்பட்டு ஆவடி முழுக்க எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப்.னு பாதுகாப்புத் துறை கேட்டுங்கதான். அதனால "தப்பு பண்ணலைன்னா என்ன பயம், காட்டிட்டுப் போயேன்"னு சொல்ற பெரியவங்க இங்க ஜாஸ்தி. பைக்கு அது சரிதான். பையில இருக்கறது ரெண்டு சட்டையும் ஒரு டிபன் பாக்ஸும். லேப்டாப்ல? அப்பாவோட பென்ஷன் பேப்பர், தங்கச்சி ஜாதகம், வீட்டுப் பத்திர ஸ்கேன், பத்து வருஷ மெயில், போதாக்குறைக்கு கிளையண்டோட சோர்ஸ் கோட். இதுல பாதி என்னோடதே இல்லை. அடுத்தவங்க நம்பிக் கொடுத்ததைத் திறந்து காட்ட நான் யாரு?

ஆனா அமெரிக்க கோர்ட்டும் நம்ம பெரியவங்க மாதிரிதான் யோசிச்சது. 2008-ல ஆர்னால்ட் வழக்குல, எல்லையில லேப்டாப்பும் மத்த பெட்டி மாதிரிதான், சந்தேகமே இல்லைன்னாலும் பார்க்கலாம்னு ஒன்பதாவது சர்க்யூட் கோர்ட் சொல்லிடுச்சு. 2013-ல காட்டர்மேன் வழக்குல அதே கோர்ட் கொஞ்சம் இறங்கி வந்து, தடயவியல் கருவி வெச்சுக் குடையறதா இருந்தா மட்டும் நியாயமான சந்தேகம் இருக்கணும்னு சொன்னது.

சித் பிக்கண்ணவர் கதை தெரியுமா? பேரு இந்தியப் பேருதான், ஆனா அமெரிக்காவுல பிறந்த குடிமகன். நாசாவோட ஜே.பி.எல். ஆய்வகத்துல இன்ஜினியர். 2017 ஜனவரி கடைசியில சிலியில இருந்து திரும்பினப்ப ஹூஸ்டன் ஏர்போர்ட்ல நிறுத்தி போனோட பின் நம்பரைக் கேட்டாங்க. அது ஆபீஸ் போன்னு சொல்லியும் விடலை, கடைசியில கொடுத்தார். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து போட்ட வழக்குல 2019-ல கீழ்க்கோர்ட் ஓரளவு இவங்க பக்கம் நின்னது. 2021-ல மேல்முறையீட்டுல அதுவும் போச்சு.

குடிமகனுக்கே இந்தக் கதின்னா, எச்1பி ஸ்டாம்பிங்கை நம்பிப் போற நம்ம நிலைமை?

இங்கதான் எனக்கு ஒரு கோவம். நெட்ல தேடினா "பாஸ்வேர்ட் கொடுக்காதே, உறுதியா நில்லு"ன்னு வீரமா டிப்ஸ் கிடைக்கும். எழுதினவன் அமெரிக்கக் குடிமகன். அவன் மறுத்தா பொட்டியை எடுத்து வெச்சுக்குவாங்க, ஆளை ஊருக்குள்ள விட்டே ஆகணும். நாம மறுத்தா அடுத்த ஃபிளைட்ல திருப்பி அனுப்பலாம். ஆவடியில வாங்கின பிளாட்டுக்கு ஈ.எம்.ஐ. யார் கட்டுறது? மறைவான வால்யூம் வெச்சு ஏமாத்தற ஐடியாவும் வேணாம். அதிகாரிகிட்ட பொய் சொல்லி மாட்டினா அது தனிக் குற்றம்.

அதனால என் கட்சி ரொம்ப சிம்பிள்: எடுத்துட்டுப் போகாதே. இல்லாததை யாரும் பார்க்க முடியாது. முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் பண்ணி (பிட்லாக்கர், ஃபைல்வால்ட், லக்ஸ், எதுவோ ஒண்ணு), புதுசா ஓ.எஸ். போட்ட காலி லேப்டாப். போய்ச் சேர்ந்ததும் வி.பி.என். வழியா தேவையானதை இறக்கிக்கலாம். ஃபைலை டெலீட் பண்ணா மட்டும் போதாது, தோண்டி எடுத்துடுவாங்க. மெயில், கிளவுட் எல்லாத்துலயும் லாக் அவுட். 2018-ல வந்த அவங்க விதிப்படி, நெட்டைத் துண்டிச்சுட்டு கருவிக்குள்ள இருக்கறதை மட்டும்தான் பார்க்கணும்.

இறங்குறதுக்கு முன்னாடி லேப்டாப்பை முழுசா ஷட்டவுன் பண்ணுங்க. மூடி வெச்சா பத்தாது. ஸ்லீப்ல இருந்தா சாவி மெமரியிலயே இருக்கும். 2008-லயே பிரின்ஸ்டன் ஆளுங்க ராமைக் குளிர வெச்சு அந்தச் சாவியை உருவிக் காட்டிட்டாங்க. கைரேகையில திறக்கற வசதியையும் அணைச்சிடுங்க.

2024 நிதியாண்டுல அங்க சோதனை பண்ணது 47,000 பேருக்கு மேல. வந்த கூட்டத்துல பத்தாயிரத்துக்கு ஒருத்தர்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒருத்தரோட பொட்டியில எத்தனை பேர் சமாச்சாரம் இருக்குங்கறது இந்தக் கணக்குல வராது.

அமெரிக்காக்காரனை மட்டும் திட்டிட்டு முடிச்சா நியாயம் இல்லை. நியூசிலாந்துல 2018-ல இருந்து பாஸ்வேர்ட் மறுத்தா 5,000 டாலர் வரைக்கும் அபராதம். நம்ம ஐ.டி. சட்டம் 69-வது பிரிவுல அரசாங்க உத்தரவு வந்து, மறையாக்கத்தைத் திறக்க உதவ மறுத்தா 7 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். 2017-ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகும் அந்தப் பிரிவு அப்படியேதான் இருக்கு.

கம்பெனி லேப்டாப்னா, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே செக்யூரிட்டி டீமுக்கு மெயில் போடுங்க: "எல்லையில திறக்கச் சொன்னா நான் என்ன செய்யணும்?" பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க. போன்ல "பார்த்துக்கலாம்"னு சொன்னா விடாதீங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், வக்கீல் இல்லை :-)