பாடப் பிரிவுச் சுவர் இடிந்தது, வழிகாட்டத்தான் ஆளில்லை

புதுதில்லி: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் தலைநகரப் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஒரே காட்சிதான். அதிக மதிப்பெண் பெற்றவருக்கு அறிவியல். அடுத்த நிலையில் உள்ளவருக்கு வணிகவியல். எஞ்சியோருக்குக் கலைப் பிரிவு. 15 வயது மாணவரின் ஆர்வம் எதில் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே மதிப்பெண் பட்டியல் விடை சொல்லிவிடுகிறது.

இந்நிலையை மாற்றப் போவதாகக் கூறியது 2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய கல்விக் கொள்கை. கலை, அறிவியல் பிரிவுகளுக்கு இடையே கடுமையான தடுப்பு இனி இருக்காது என்று அது அறிவித்தது. 2023 ஆகஸ்டில் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசிய கலைத்திட்ட வடிவமைப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. 11, 12ஆம் வகுப்புகளில் இரு மொழிகளுடன், குறைந்தது இரண்டு பாடத் தொகுதிகளிலிருந்து நான்கு பாடங்களை மாணவரே தேர்வு செய்யலாம் என்றது. இயற்பியலுடன் இசையும், கணிதத்துடன் வரலாறும் படிக்க இயலும் என்பது இதன் பொருள்.

காகிதத்தில் சுவர் இடிந்துவிட்டது. ஆனால், ஒரு பாடத்தைக் கைவிட்டால் பின்னாளில் எந்த வாசல் மூடப்படும் என்பதை மாணவருக்கு எடுத்துச் சொல்வது யார் என்ற கேள்விக்கு விடை இல்லை.

வாசலில் காத்திருக்கும் வியப்பு

மத்திய பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் எதைப் படித்திருந்தாலும் விரும்பிய பாடத்தில் இத்தேர்வை எழுதலாம் என 2025-ல் விதி தளர்த்தப்பட்டது. கேட்பதற்கு இனிமையான சலுகைதான். ஆனால், தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரச் சிறப்புப் பட்டப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வில் கணிதம் கட்டாயம். கணிதத்தைப் பதினொன்றாம் வகுப்பிலேயே கைவிட்ட கலைப் பிரிவு மாணவர் அந்தத் தேர்வை எப்படி எதிர்கொள்வார்? பொருளாதாரம் கலைப் பாடம்தானே என்று எண்ணியிருந்தவருக்கு உண்மை தெரியவரும்போது இரண்டு ஆண்டுகள் கடந்திருக்கும்.

தேர்வு செய்ய வேண்டிய வயதும் குறைந்து வருகிறது. 2020 முதல் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 'அடிப்படை', 'தரநிலை' என இருவகை வினாத்தாள்கள் உள்ளன. அடிப்படைத் தாள் எழுதுவோர் மேல்நிலையில் வழக்கமான கணிதத்தைப் படிக்க முடியாது என்பதே தொடக்க விதி. கொரோனா காலத்தில் அது தளர்த்தப்பட்டது. எளிய தாள் என்பதற்காக 14, 15 வயதில் எடுக்கப்படும் முடிவு பொறியியல் கனவையே பாதிக்கலாம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

இளம் வயது முடிவு ஒருவரை ஆயுள் முழுதும் கட்டிப்போடக் கூடாது என்பதை மேல்மட்டமும் உணரத் தொடங்கியுள்ளது. மேல்நிலையில் உயிரியல் படிக்காதவர்கள் பின்னர் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது இதற்குச் சான்று.

பள்ளியில் பாடமே இல்லையெனில்...

தேர்வு செய்யும் உரிமைக்கு முதல் நிபந்தனை, அருகிலுள்ள பள்ளியில் அப்பாடம் இருப்பது. தலைநகரிலேயே அறிவியல் பிரிவு இல்லாத அரசு மேல்நிலைப் பள்ளிகள் பல உள்ளன. தில்லிக்கு அருகே ஹரியாணாவின் ரேவாரி மாவட்டத்தில், தங்கள் கிராமப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கோரி 2017 மே மாதத்தில் மாணவிகள் உண்ணாவிரதம் இருந்தனர். அடுத்த ஊர்ப் பள்ளிக்குச் செல்லும் வழியில் நேர்ந்த சீண்டல்களே காரணம். அரசு பணிந்தது. இத்தகைய மாணவிகளுக்குப் பாடத் தேர்வைத் தீர்மானிப்பது ஆர்வமல்ல, தொலைவு.

இரண்டாவது நிபந்தனை, விவரமறிந்த ஆலோசகர். இது புதிய சிந்தனை அன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1953-லேயே ஏழு வகைப் பாடப் பிரிவுகளைப் பரிந்துரைத்தது. கூடவே, பள்ளிகளில் வழிகாட்டி அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. பிரிவுகள் வந்தன, வழிகாட்டிகள் பெரும்பாலான அரசுப் பள்ளிகளுக்கு வந்து சேரவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவை பயிற்சி மையங்கள். ராஜஸ்தானின் கோட்டா நகரம் அதன் அடையாளம். 16 வயதுக்கு உள்பட்டோரைச் சேர்க்கக் கூடாது என மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட நேர்ந்ததே நிலைமையை உணர்த்தும். இடங்களை விற்பவரிடம் யோசனை கேட்டால், தன்னிடம் உள்ளதையே பரிந்துரைப்பார்.

வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குத் தவறான தேர்வைத் திருத்திக்கொள்ளப் பணமும் அவகாசமும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாக மேல்நிலைக் கல்வியை எட்டும் பிள்ளைக்கு அவை இல்லை. ஆலோசகரின்றி அளிக்கப்படும் சுதந்திரம், தோல்விக்கான பழியை அரசிடமிருந்து அந்தப் பிள்ளையின் தோளுக்கு மாற்றுவதாகவே முடியும். முதலியார் குழு கேட்ட வழிகாட்டியை நியமிப்பதற்குப் புதிய கொள்கை எதுவும் தேவையில்லை; நிதி ஒதுக்கீடு போதும்.