உரிமம் என்ற பெயரில் தடை: மும்பை நடன மதுக்கூடங்கள் உணர்த்தும் பாடம்

புது தில்லி: ஒரு தொழிலைச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால், அதற்கான உரிமம் யாருக்கும் கிடைப்பதில்லை. இந்த நிலையை ஒழுங்குமுறை என்பதா, மறைமுகத் தடை என்பதா? மகாராஷ்டிரத்தின் நடன மதுக்கூடங்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்த வழக்குகளின் மையக் கேள்வி இதுதான்.

'டான்ஸ் பார்' என மும்பையில் அழைக்கப்படும் இக்கூடங்கள் ஒரே உரிமத்தில் நடப்பவை அல்ல. உணவகத்துக்கு மாநகராட்சி, மதுவுக்குக் கலால் துறை, ஆடல் பாடலுக்குக் காவல் ஆணையர் எனப் பல கதவுகளைத் தட்டியாக வேண்டும். இவற்றில் எந்தக் கதவு மூடினாலும் தொழில் முடங்கும். அரசின் கையில் உள்ள வலுவான ஆயுதம், சட்டத்தைவிட உரிமமே என்பதற்கு இத்தொழிலின் வரலாறு சான்று.

2005-இல் வந்த தடை

2005-இல் காங்கிரஸ் - தேசியவாத காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில், உள்துறையைக் கவனித்து வந்த துணை முதல்வர் ஆர்.ஆர். பாட்டீல் இக்கூடங்களுக்குத் தடை அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் காவல் சட்டத்தில் 33ஏ, 33பி ஆகிய புதிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. இளைஞர்கள் சீரழிகின்றனர், பெண்கள் சுரண்டப்படுகின்றனர் என்பது அரசின் வாதம்.

அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், மூன்று நட்சத்திரம் மற்றும் அதற்கு மேற்பட்ட தகுதியுள்ள ஹோட்டல்களுக்கும், ஜிம்கானா போன்ற மன்றங்களுக்கும் 33பி பிரிவு விலக்கு அளித்தது. அதாவது, சாதாரண மதுக்கூடத்தில் ஆபாசமாகக் கருதப்பட்ட நடனம், நட்சத்திர ஹோட்டலில் கேளிக்கை ஆனது.

இப்பாகுபாடு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அத்தீர்ப்பை 2013 ஜூலையில் தலைமை நீதிபதி அல்தமஸ் கபீர், நீதிபதி எஸ்.எஸ். நிஜ்ஜார் ஆகியோர் அடங்கிய அமர்வு உறுதி செய்தது. ஒழுக்கத்தின் அளவுகோல் வாடிக்கையாளரின் பணப்பையைப் பொறுத்து மாற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். சுமார் 75 ஆயிரம் பெண்கள் வேலையிழந்ததையும், அவர்களில் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் சுட்டிக்காட்டிய அமர்வு, நோயைவிட மருந்து கொடியதாகிவிட்டது என்று கருத்துத் தெரிவித்தது.

ஆட்சி மாறியும் மாறாத அணுகுமுறை

அரசு அத்துடன் ஓயவில்லை. நட்சத்திர விடுதிகளுக்கான விலக்கை நீக்கி, எல்லா இடங்களுக்கும் பொருந்தும் தடையை 2014-இல் கொண்டு வந்தது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதற்கும் இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் மாநிலத்தில் ஆட்சி மாறி பாரதிய ஜனதா தலைமையில் அரசு அமைந்திருந்தது. ஆனால், அணுகுமுறை மாறவில்லை. ஆபாச நடனத்தைத் தடுப்பதற்கும் பெண்களின் கண்ணியத்தைக் காப்பதற்கும் எனக் கூறி 2016-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

வெளிப்படையான தடைக்குப் பதிலாக இம்முறை நிபந்தனைகள் வந்தன. வழிபாட்டுத் தலங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கூடம் இருக்கக்கூடாது. நடனம் நடக்கும் இடத்தில் மது வழங்கக்கூடாது. உள்ளே கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும். உரிமம் கோருபவர் 'நன்னடத்தை' உள்ளவராக இருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு கோயிலும் பள்ளியும் உள்ள மும்பையில் ஒரு கிலோமீட்டர் விதியை நிறைவு செய்யும் இடத்தை எங்கே தேடுவது?

2019 ஜனவரியில் நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு இந்நான்கு நிபந்தனைகளையும் ரத்து செய்தது. 2005 முதல் ஒருவருக்குக்கூட உரிமம் வழங்கப்படவில்லை என்பதைத் தீர்ப்பு எடுத்துரைத்தது. ஒழுங்குபடுத்தலாம்; ஆனால், அது முழுத் தடையாக மாறக்கூடாது என்பதே நீதிமன்றம் வகுத்த எல்லை.

அதேசமயம், மாலை 6 மணி முதல் இரவு 11.30 வரை என்ற நேரக் கட்டுப்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. ஆடுபவர் மீது பணத்தை வீசுவதற்கான தடையையும் ஏற்றது. பெங்களூரில் இசைக் குழுக்களுடன் இயங்கும் உணவகங்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிய 2005-ஆம் ஆண்டு ஆணையையும் 2018-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே கூறியது. ஆகவே, உரிமம் வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதைத் தவறாகப் பயன்படுத்துவதையே மறுக்கிறது.

பாதுகாப்பா, விலக்கி வைப்பதா?

இதே பார்வை தலைநகர் தில்லியின் வழக்கு ஒன்றிலும் வெளிப்பட்டது. மது அருந்தும் இடங்களில் பெண்களை வேலைக்கு அமர்த்தத் தடை விதித்த பஞ்சாப் கலால் சட்டத்தின் 30-ஆவது பிரிவு தில்லியிலும் நடைமுறையில் இருந்தது. 1914-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களின் வேலைவாய்ப்பைப் பறிக்கக்கூடாது. பாதுகாப்பான சூழலை உருவாக்குவதே அரசின் கடமை என்று கூறி, 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது.

ஆனாலும், அரசு நிர்வாகங்கள் பாடம் கற்கவில்லை. மும்பையின் ஆர்க்கெஸ்ட்ரா மதுக்கூடங்களில் நான்கு பெண்கள், நான்கு ஆண்களுக்கு மேல் மேடையேறக்கூடாது என்பது காவல்துறையின் உரிம நிபந்தனை. மொத்தம் எட்டுப் பேர் என்ற வரம்பு இருக்கலாம். அதில் பெண்கள் எத்தனை பேர் என்று வரையறுக்கக்கூடாது என 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இவ்வளவு வழக்குகளுக்குப் பிறகும் கவனம் பெறாத அம்சம் ஒன்று உண்டு. மாத ஊதியம்தான் தரவேண்டும் என்ற நிபந்தனையை ரத்து செய்த 2019 தீர்ப்பு, எழுத்துபூர்வ ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் ஊதியம் ஆகியவற்றை நிலைநிறுத்தியது. ஆடும் பெண்களுக்கு நேரடியாகப் பயன்படும் விதிகள் இவைதான். மேடையின் அளவையும் கதவின் அகலத்தையும் அளந்து பார்ப்பதில் காட்டப்படும் அக்கறை, ஊதியம் ஒழுங்காகச் சேர்கிறதா என்று பார்ப்பதில் காட்டப்படுவது எப்போது?

கூடத்தை மூடினால் தொழில் மறைவதில்லை. அது இருளுக்குள் இடம் பெயர்கிறது. அங்கே ஒப்பந்தமும் இல்லை, புகார் கொடுக்க வழியும் இல்லை. சோதனை நடக்கும்போது முதலில் சிக்குபவர் முதலாளி அல்லர், ஆடும் பெண்ணே. அவளது கண்ணியத்துக்காகவே சட்டம் என்று சொல்லும் அரசுகள், உரிமத்தை மறுப்பதில் காட்டும் உறுதியை, உரிமம் பெற்ற இடத்தில் அவளுக்கு உரியதைப் பெற்றுத் தருவதில் காட்டட்டும்.